காட்டிலும் கமிஷன் உண்டு: பகிர்வுத் தளங்களைக் கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

பகிர்வுப் பொருளாதாரம் என்ற பெயரில் செயலிகளும் தளங்களும் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருடைய அறிமுக உரைகளில் எங்காவது ஒரு காடு வந்துவிடுகிறது. மரங்கள் வேர் வழியே ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்கின்றன, தேனீயும் பூவும் கொடுத்து வாங்குகின்றன, இயற்கை முழுக்கப் பகிர்வால் ஓடுகிறது, அதையே நாங்கள் கைப்பேசிக்குள் கொண்டுவந்திருக்கிறோம் என்கிறீர்கள். காலியாகக் கிடக்கும் அறை, ஓடாமல் நிற்கும் வண்டி, யாரிடமோ மிச்சமிருக்கும் ஒரு மணி நேர உழைப்பு, இவற்றைத் தேவைப்படுபவரிடம் சேர்க்கிறோம் என்கிறீர்கள். நல்ல விஷயம்தான். உங்கள் தளங்களை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் காட்டைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் சாட்சி சொல்வதை முழுக்கக் கேட்க வேண்டும். குறுக்கு விசாரணையில் அது உங்கள் பக்கம் பேசுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இயற்கையில் நடப்பதெல்லாம் நல்லது, அதையே நாமும் செய்ய வேண்டும் என்று நான் வாதாடப் போவதில்லை. ஒட்டுண்ணியும் இயற்கைதான். குயில் அடுத்த பறவையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போவதும் இயற்கைதான். கொடுக்கல் வாங்கல் கோடிக்கணக்கான ஆண்டுகள் அறுந்துபோகாமல் ஓடியிருக்கும் இடங்களில் என்ன ஏற்பாடு இருக்கிறது, அந்த ஏற்பாட்டிலிருந்து எந்தெந்தப் பாகத்தை நீங்கள் கழற்றி வைத்துவிட்டீர்கள் என்பதை மட்டும் பார்க்கலாம் என்றுதான் இந்த மடல்.

முதலில் அந்த மரங்கள். 1997-இல் கனடாவைச் சேர்ந்த சூசன் சிமார்டும் அவருடைய சகாக்களும் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காட்டில் நட்ட பிர்ச் கன்றுகளுக்கும் டக்ளஸ் ஃபர் கன்றுகளுக்கும் நடுவே கார்பன் இடம் மாறுகிறது, நிழலில் நிற்கும் ஃபர் கன்றுக்குக் கூடுதலாகப் போய்ச் சேருகிறது என்று அடையாளமிட்ட கார்பனை வைத்துக் காட்டினார்கள். அருமையான ஆய்வு. அப்புறம் கதை வளர்ந்தது. தாய்மரம் தன் பிள்ளைகளை அடையாளம் கண்டு, வேர்களை மண்ணுக்கடியில் இணைக்கும் பூஞ்சை இழைகளின் வலை வழியாக ஊட்டி வளர்க்கிறது என்ற அளவுக்குப் போய்விட்டது. 2023-இல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா மூவரும் இருந்த ஆதாரங்களையெல்லாம் மறுபடி எடைபோட்டார்கள். பெரிய மரங்கள் பூஞ்சை வலை வழியே தம் சந்ததிக்கு முன்னுரிமை கொடுத்து அனுப்புகின்றன என்பதற்குக் காட்டில் செய்து வெளியான சான்று ஒன்றுகூட இல்லை என்று எழுதினார்கள். இந்த மூவரில் மெலனி ஜோன்ஸ் 1997 ஆய்வுக் குழுவிலும் இருந்தவர். தன் ஆய்வின் மேல் வளர்ந்த கதையைத் தானே வெட்டிச் சீர்செய்த அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

தாய்ப்பாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மண்ணுக்கடியில் தெரிவது ஒரு சந்தை. உலகத் தாவர இனங்களில் பெரும்பாலானவற்றின் வேர்களோடு பூஞ்சைகள் கூட்டு வைத்திருக்கின்றன. 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, ஸ்காட்லாந்தின் ரைனி பாறைப் புதைபடிவங்களிலேயே இந்தக் கூட்டு பதிவாகியிருக்கிறது. செடி சர்க்கரை தருகிறது. வேர் எட்டாத இடத்திலிருந்து பூஞ்சை பாஸ்பரஸ் கொண்டுவருகிறது. செடி ஒளிச்சேர்க்கையில் சேர்த்த கார்பனில் 4 முதல் 20 சதவீதம் வரை பூஞ்சைக்குப் போகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆக, கமிஷன் காட்டிலும் உண்டு. நீங்கள் கமிஷன் எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை என்பதற்காகத்தான் இதை எடுத்துச் சொல்கிறேன். தேவையையும் இருப்பையும் சேர்த்து வைப்பது உண்மையான வேலை. அதற்குக் கூலி வேண்டும்.

ஆனால் அந்த 20 சதவீதம் ஏன் 60 ஆகவில்லை? டோபி கியர்ஸ் குழு 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனைகளில் பதில் இருக்கிறது. ஒரே வேரில் பல பூஞ்சைகள் இருக்கின்றன. எது அதிகம் பாஸ்பரஸ் தருகிறதோ, அதற்குச் செடி அதிகம் சர்க்கரை அனுப்புகிறது. பூஞ்சையும் சும்மா இல்லை. எந்த வேர் நன்றாகச் சர்க்கரை தருகிறதோ அங்கேதான் பாஸ்பரஸை இறக்குகிறது. ஒரு செடிக்குப் பல பூஞ்சைகள், ஒரு பூஞ்சைக்குப் பல செடிகள். யாரும் யாரையும் கட்டிப்போட முடியவில்லை. இதில் எந்தப் பக்கத்தின் நல்ல மனதையும் நம்பவேண்டிய அவசியமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் தளத்தில் இது எப்படி இருக்கிறது? ஐந்து வருடம் வண்டி ஓட்டி நல்ல பெயர் எடுத்த ஓட்டுநர் ஒருவர் அடுத்த செயலிக்குப் போனால் அங்கே அவர் புது ஆள். ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களும் பாராட்டு வரிகளும் உங்களிடமே தங்கிவிடுகின்றன. சம்பாதித்தது அவர், வைத்திருப்பது நீங்கள். செடி வேறு பூஞ்சைக்கு மாற முடியாது என்று தெரிந்தால் பூஞ்சை எவ்வளவு கேட்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

விலகிப் போகும் வழி இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பவளப்பாறைகளில் ஒரு சின்ன மீன் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. துப்புரவு மீன் என்போம். விரல் நீளம், நீலக் கோடு. மற்ற மீன்கள் அதனிடம் வந்து வாயைத் திறந்து நிற்கும். இது உடம்பிலும் செவுளிலும் உள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். அலெக்ஸாண்ட்ரா கிரட்டர் ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் எண்ணிப் பார்த்ததில் ஒரு மீன் ஒரு நாளைக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்றது. இதுவரை அழகான கதை. ஆனால் அந்த மீனுக்கு உண்மையில் பிடித்தது ஒட்டுண்ணி இல்லை, வாடிக்கையாளரின் உடம்பில் இருக்கும் வழவழப்பான சளிப்படலம். சந்தர்ப்பம் கிடைத்தால் அதைக் கடித்துவிடும். அது ஏமாற்று.

அப்படியானால் ஏன் எப்போதும் ஏமாற்றுவதில்லை? ரெடுவான் பிஷாரியின் ஆய்வுகள் சொல்வது இது: பல பாறைகளுக்குப் போய்வரும் மீன், கடிபட்டால் அடுத்த முறை வேறு துப்புரவு மீனிடம் போய்விடும். அதனால் அப்படிப்பட்ட மீன் வந்தால் வரிசையில் முந்தி கவனிப்பு கிடைக்கிறது. அந்த ஒரு பாறையை விட்டு நகர முடியாத உள்ளூர் மீன் காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதன் கையில் இருப்பது துரத்தி அடிப்பது மட்டும். இன்னொரு வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் துப்புரவு மீன் ஒழுங்காக நடந்துகொள்கிறது என்று பிஷாரியும் கிரட்டரும் 2006-இல் காட்டினார்கள்.

சேர்ந்த புதிதில் எல்லோரும் உங்களுக்கு ஊர் சுற்றும் மீன்கள். முதல் பயணம் இலவசம், முதல் மாதம் கமிஷன் இல்லை, எதைக் கேட்டாலும் உடனே பதில். தங்கிவிட்டார்கள், ரேட்டிங் சேர்ந்துவிட்டது, வேறு வழி அடைந்துவிட்டது என்று தெரிந்த பிறகு அவர்களே உள்ளூர் மீன்கள். உதவிக்கு அழைத்தால் தானியங்கிப் பதில். நீங்கள் கெட்டவர்கள் என்பதால் இது நடப்பதாக நான் நினைக்கவில்லை. துப்புரவு மீனும் கெட்டது இல்லை. விலக முடியாதவரிடம் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கத்தான் செய்வார்கள்.

அடுத்தது வௌவால். இரத்தம் குடிக்கும் வௌவாலிடம் தாராள குணத்தை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். 1984-இல் ஜெரால்ட் வில்கின்சன் கோஸ்டா ரிகாவில் தேடிக் கண்டுபிடித்தார். இந்த வௌவால் இரண்டு மூன்று இரவு தொடர்ந்து இரை கிடைக்காவிட்டால் செத்துப்போகும். வெறும் வயிற்றோடு திரும்பிய ஒன்றுக்கு வயிறு நிறைந்த இன்னொன்று தான் குடித்ததைக் கக்கி ஊட்டும். சொந்தக்காரருக்கு மட்டும் என்றும் இல்லை. ஜெரால்ட் கார்ட்டரும் வில்கின்சனும் 2013-இல் வெளியிட்டதில், யார் யாருக்கு ஊட்டுவார்கள் என்பதை உறவைவிட நன்றாகச் சொன்னது முன்பு யார் தனக்கு ஊட்டினார் என்பதுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 2020-இல் கார்ட்டர் குழு கண்டது. ஒன்றையொன்று தெரியாத வௌவால்களை ஒன்றாக விட்டார்கள். எடுத்த எடுப்பில் யாரும் யாருக்கும் இரத்தம் தரவில்லை. முதலில் ஒன்று மற்றொன்றின் ரோமத்தை நக்கிச் சுத்தம் செய்தது. செலவு குறைந்த உதவி. பதிலுக்கு அதுவும் செய்தது. இப்படிக் கொஞ்ச காலம் போன பிறகுதான் சில ஜோடிகளுக்குள் உணவு கைமாறியது. சின்னதைக் கொடுத்துப் பார்த்து, திரும்புகிறதா என்று கவனித்து, அப்புறம் பெரியதைக் கொடுக்கிறார்கள். நம்பிக்கை வளர்வது இப்படித்தான் என்று நமக்கும் தெரியும். அண்டை வீட்டாரோடு எல்லோரும் இதைத்தான் செய்கிறோம்.

இன்னொரு ஆய்வு, 2017. உறவுக்கு வெளியேயும் நிறையப் பேருக்கு ஊட்டி வைத்திருந்த பெண் வௌவால்கள், வழக்கமாகத் தமக்குத் தரும் ஆள் இல்லாமல் போனபோது அவ்வளவாகத் தடுமாறவில்லை. பரவலாகக் கொடுத்து வைத்தது காப்பீடாக நின்றது.

இப்போது உங்கள் வடிவமைப்புக்கு வருவோம். இரண்டு பேர் ஒரு தடவை சந்தித்து, ஒருவர் வேலை மற்றவருக்குப் பிடித்துப்போனால், அடுத்த முறை நேராகப் பேசிக்கொள்ள முடியாதபடி பல தளங்கள் தொலைபேசி எண்ணை மறைக்கின்றன. எண் எழுதினால் செய்தியை அழிக்கின்றன. தளத்துக்கு வெளியே ஏற்பாடு செய்தால் கணக்கு போகும் என்று விதி. ஒவ்வொரு முறையும் அல்காரிதம் புது ஆளைத் தருகிறது. மோசடி நடக்காமல் இருக்கத்தான் இது என்பீர்கள். ஓரளவு உண்மை. ஆனால் தினமும் இரவு யாரோ ஒருவர் வௌவால்களைக் கலைத்துப் புது ஜோடி சேர்த்துக்கொண்டே இருந்தால், நக்கிச் சுத்தம் செய்யும் கட்டத்தை அவை ஒருநாளும் தாண்டாது. பரஸ்பர உதவிக்கு முதல் தேவை, அதே முகத்தை மறுபடி பார்ப்போம் என்ற எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பை எடுத்துவிட்டு அதன் இடத்தில் உங்கள் முத்திரையை வைத்தீர்கள். மக்கள் ஒருவரையொருவர் நம்புவதில்லை, இரண்டு பேரும் தனித்தனியாக உங்களை நம்புகிறார்கள். தொழிலுக்கு இது லாபம். பகிர்வு என்று சொல்லிக்கொள்ள இதில் அதிகம் இல்லை.

தண்டனை பற்றியும் பேச வேண்டும். காட்டைக் காட்டிப் பேசுகிறவர்கள் அதைத் தொடுவதே இல்லை. சோயா வேரில் முடிச்சுகள் இருக்கும், அதற்குள் ரைசோபியம் பாக்டீரியா. காற்றில் உள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருவது அதன் வேலை. 2003-இல் கியர்ஸும் சகாக்களும் சில முடிச்சுகளைச் சுற்றி நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். உள்ளே இருப்பவை வேலை செய்ய விரும்பினாலும் முடியாது. செடி அந்த முடிச்சுகளுக்கு ஆக்சிஜனைக் குறைத்தது. அங்கே பாக்டீரியாவின் பெருக்கம் கிட்டத்தட்டப் பாதியாக விழுந்தது. (அவை செய்யாத குற்றத்துக்குத் தண்டனை, பாவம். ஆனால் செடிக்கு அது தெரியாதே.) இதில் இரண்டு விஷயம் முக்கியம். தண்டிப்பது நட்டம் அடைந்த செடியே. தண்டனை அந்தந்த முடிச்சுக்கு மட்டும். செடி மொத்த வேரையும் அறுத்துப்போடவில்லை.

பொதுவளங்களைச் சேர்ந்து காப்பாற்றும் மனிதர்களைப் பற்றி எலினார் ஆஸ்ட்ரம் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து, 2009-இல் பொருளாதார நோபல் வாங்கினார். அவர் கண்டதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. நீடித்த குழுக்களில் கண்காணிப்பவர்கள் பயன்படுத்துபவர்களே, அல்லது அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். முதல் தப்புக்குச் சின்ன அபராதம், திரும்பச் செய்தால் கூடுகிறது. அவர் எடுத்துக்காட்டிய சுவிட்சர்லாந்துக் கிராமம் டோர்பெலில் 1517-லேயே ஒரு விதி இருந்தது: குளிர்காலத்தில் தீவனம் போட்டுக் காப்பாற்ற முடிகிற அளவு மாடுகளைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். யாரோ வெளியிலிருந்து போட்ட விதி இல்லை. மாடு வைத்திருந்தவர்களே கூடிப் போட்டது.

உங்களிடம் தண்டனை என்றால் ஒரு காலையில் கணக்கு திறக்காது. காரணம் "விதிமீறல்". எந்த விதி, யார் புகார், எப்படி முறையிடுவது, ஒன்றும் தெரியாது. சோயாச் செடிகூட முடிச்சு முடிச்சாகப் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் தளத் தொழிலாளர்களுக்காக ஒரு சட்ட ஆணையை நிறைவேற்றி, கணக்கை முடக்கும் முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும், எழுத்தில் காரணம் தர வேண்டும் என்று சொல்லவேண்டி வந்தது. சட்டம் வரும்வரை ஏன் காத்திருந்தீர்கள்?

பணம் பற்றி ஒன்று. அமெரிக்காவின் மிச்சிகனில் சில வயல்களுக்கு 22 ஆண்டுகள் தொடர்ந்து நைட்ரஜன் உரம் போட்டு வந்தார்கள், பக்கத்து வயல்களுக்குப் போடவில்லை. இரண்டு இடத்திலிருந்தும் ரைசோபியத்தை எடுத்து க்ளோவர் செடிகளோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். 2015-இல் முடிவு வெளியானது: உரம் போட்ட மண்ணின் பாக்டீரியாவோடு வளர்ந்த செடிகள் 17 முதல் 30 சதவீதம் வரை குறைவாகவே வளர்ந்திருந்தன. வெளியிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்ததில் உள்ளூர்க் கூட்டாளி வேலையை மறந்துவிட்டது. மறந்தது என்பது பேச்சுக்கு. பரிணாமத்தில் உழைக்காத வகைகள் மேலே வந்துவிட்டன.

2019-இல் ஊபர் நிறுவனத்தின் நட்டம் சுமார் 850 கோடி டாலர். பயணி தந்ததற்கும் உண்மையான செலவுக்கும் இருந்த இடைவெளியை முதலீட்டாளர் பணம் அடைத்தது. அந்த நாட்களில் பயணிக்கும் மகிழ்ச்சி, ஓட்டுநருக்கும் போனஸ். உரம் அது. அது கொட்டிய காலத்தில், மலிவு விலைக்கு ஈடு கொடுக்க முடியாத சின்ன ஏற்பாடுகள் நசுங்கின. கொட்டுவது நின்றபோது கட்டணம் ஏறியது. திரும்பிப் போக நினைத்தால் பழைய ஏற்பாடு பல இடங்களில் இல்லை.

காட்டில் வெள்ளையாக ஒரு செடி இருக்கிறது, பேய்ச்செடி என்பார்கள், மோனோட்ரோபா. பச்சையம் துளியும் இல்லை. மரம் பூஞ்சைக்குத் தரும் சர்க்கரையைப் பூஞ்சையிடமிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. பதிலுக்கு எதுவும் தருவதாகத் தெரியவில்லை. வலை அதன் சொந்தம் இல்லை, வலையில் ஓடுவதும் அதன் உழைப்பு இல்லை. இப்படி முழுக்கப் பூஞ்சையை உறிஞ்சி வாழும் தாவரங்கள் சுமார் 500 இனங்கள். உங்கள் எல்லோரையும் இதோடு சேர்க்க மாட்டேன். ஆனால் கவ்ச்சர்ஃபிங் என்ற தளத்தின் கதையைப் படிக்கும்போது இந்தச் செடி ஞாபகம் வருகிறது. 2004-இல் தொடங்கியது. பயணிகளை முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் இலவசமாகத் தங்க வைத்தார்கள். தளத்தைக் கட்டுவதில் தன்னார்வலர்களின் உழைப்பு நிறைய. 2011-இல் அது லாப நோக்க நிறுவனமானது. 2020 மே மாதம் பல நாடுகளில் உறுப்பினர் கட்டணம் வந்தது. கட்டாதவர்களுக்குத் தங்கள் சொந்தக் கணக்கே அடைபட்டது. இத்தனை ஆண்டு வந்து தங்கியவர்கள் எழுதிய வரிகளும் உள்ளே. வீட்டைத் திறந்துவிட்டவர்கள் வாசலில் நின்றார்கள்.

எல்லாப் பகிர்வுக்கும் இவ்வளவு காவல் தேவையில்லை என்பதும் சரிதான். எடுத்தால் குறையாத பொருளுக்கு ஏன் பூட்டு? 2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் அங்கும் ஒரு நிபந்தனை: அந்தத் தரவை மேம்படுத்தி வெளியிட்டால் அதே உரிமத்தில் திருப்பித் தர வேண்டும். தாராளம் என்றால் கணக்கே இல்லை என்று அர்த்தமில்லை என்பதை அந்த வரைபடக்காரர்கள் உங்களைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

சரி, என்ன கேட்கிறேன்? பிடித்துப்போன ஆளை மறுபடி தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொடுங்கள், அதற்கு உங்கள் கமிஷனை எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, பழகப் பழகக் குறையுங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்திலும் பயனர் தந்தது எவ்வளவு, உழைத்தவருக்குப் போனது எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் காட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு தளங்களில் இருப்பவரை மறைமுகமாகத் தண்டிக்காதீர்கள். முடக்கும் முன் எச்சரியுங்கள், முறையீட்டைக் கேட்கும் குழுவில் தளத்தில் உழைப்பவர்களுக்கும் இடம் கொடுங்கள். சலுகைக் காலம் முடிந்த பிறகு கமிஷன் அதிகபட்சம் எவ்வளவு வரை போகும் என்பதைச் சேருகிற நாளிலேயே எழுதிக் கொடுங்கள். முடியாத காரியம் எதுவும் இதில் இல்லை. நியூயார்க்கில் 2021-லேயே ஓட்டுநர்கள் தாங்களே உரிமையாளர்களாக ஒரு கூட்டுறவுச் செயலியைத் தொடங்கியிருக்கிறார்கள்.

இவற்றில் ஒன்றை மட்டும் முதலில் செய்வதென்றால் ரேட்டிங்கில் தொடங்குங்கள். ஒருவர் உங்கள் தளத்தில் சேர்த்த மதிப்பீடுகளையும் கருத்துகளையும் கையொப்பமிட்ட ஒரு கோப்பாக அவரே இறக்கிக்கொண்டு, வேறு எந்தத் தளத்திலும் காட்டும்படி செய்யுங்கள். தொழில்நுட்பம் இடம் கொடுக்காது என்று மட்டும் பதில் எழுதாதீர்கள், அது சில எண்களும் வாக்கியங்களும்தான். வேறு காரணம் இருந்தால் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தளங்களில் கணக்கு வைத்திருக்கும் ஒருவர்